குழி கலக்கும் நாள்

பண்ணையில் என் அண்ணியை எல்லோரும் ‘பூட்டு’ என்றுதான் சொல்வார்கள். பெயர் வைத்தவர் டேங்கர் வண்டிக்காரர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் லொடலொடா. வண்டி நின்றாலும் வாய் நிற்காது. குழி வேலியின் இரும்புக் கதவுக்கு ஒரு பூட்டு, கலக்கி மெஷினுக்கு ஒரு பூட்டு, டிராக்டர் சாவி தன் சட்டைப் பைக்குள் என்று அண்ணி பாதிப் பண்ணையைப் பூட்டி வைத்திருந்தாள். “ஒருநாள் மாட்டு வாய்க்கும் பூட்டுப் போடப் போகுது இந்தம்மா” என்பார் லொடலொடா. “முதல்ல உங்க வாய்க்குத்தான்” என்பாள் அண்ணி.

நான் அங்கே பால் கறக்கும் மெஷின் பார்க்கிறேன். என் அண்ணன் மாடுகளைப் பார்க்கிறான். தீனி, படுக்கை, குளம்பு எல்லாம் அவன் பொறுப்பு. அண்ணி குழியைப் பார்க்கிறாள். மாடு என்றால் எல்லோருக்கும் பால்தான் நினைவுக்கு வரும். மாடு பாலைவிடச் சாணியையும் மூத்திரத்தையும் அதிகம் கொடுக்கிறது என்பது கழுவுகிற எங்களுக்குத்தான் தெரியும். கொட்டகையின் தரை சிமென்ட் பலகைகளால் ஆனது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இடுக்கு. மாடு போடுவதும், நாங்கள் கழுவிவிடுவதும் அந்த இடுக்கு வழியே இறங்கி, அடியில் ஓடும் வாய்க்காலில் போய், கொட்டகைக்குப் பின்னால் உள்ள பெரிய குழியில் சேரும். அங்கே மாதக்கணக்கில் கிடந்து குழம்பாக ஊறும். வயலுக்கு உரம் போடும் பருவம் வந்ததும், டிராக்டரில் மாட்டிய கலக்கியை இறக்கி அடிவரை கலக்கி, டேங்கரில் உறிஞ்சி, வயலில் கொண்டுபோய் விடுவார்கள். சும்மா கிடக்கிற வரை குழி சாது. கலக்குகிற நாளில்தான் அதன் சுயரூபம் தெரியும். அதுவரை அடியில் அடைந்து கிடந்த வாயு மொத்தமும் ஒரே மூச்சில் மேலே வரும்; கொட்டகைத் தரையின் இடுக்கு வழியாகவும் ஏறும்.

அண்ணி பிறந்த வீட்டிலும் இதே பிழைப்புதான். அவளுடைய சித்தப்பா ஒருநாள் குழியில் அடைப்பு எடுக்க இறங்கினார். இறங்கியவர் மயங்கி விழுந்தார். தம்பி விழுந்ததைப் பார்த்த அப்பா, அவரைத் தூக்க அதே ஏணியில் இறங்கினார். இரண்டு பேரையும் ஊர்க்காரர்கள் கயிறு கட்டித்தான் வெளியே எடுத்தார்கள். அண்ணிக்கு அப்போது பள்ளிக்கூட வயது.

“சித்தப்பா செத்தது குழியால. அப்பா செத்தது பாசத்தால” என்பாள் அண்ணி. அழுதுகொண்டு சொல்ல மாட்டாள். கடை அடைத்திருக்கிறது என்று சொல்வது போலச் சொல்வாள். எங்கள் வீட்டுக்கு வாழ வந்து, அண்ணனோடு இந்தப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தபோது, முதலாளியம்மாவிடம் குழி வேலையைத்தான் கேட்டு வாங்கினாள். யாரும் வேண்டாம் என்று ஒதுங்குகிற வேலை. “என் கண் முன்னாடி இன்னொரு ஆள குழி எடுக்கக் கூடாது. அப்படியே எடுத்தாலும் ரெண்டாவது ஆளுக்கு விடமாட்டேன்” என்றாள். அவள் வாழ்க்கையில் பிடித்த ஒரே பிடிவாதம் இது. மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுப்பாள். தட்டில் இருக்கும் கடைசித் துண்டைக்கூட எனக்குத் தள்ளிவிடுவாள். குழி விஷயத்தில் மட்டும் கடப்பாரையை விழுங்கியவள் மாதிரி வளையமாட்டாள்.

அவள் போட்ட சட்டம் எளிது. கலக்குகிற நாளில் கொட்டகையில் மாடும் இருக்கக் கூடாது, ஆளும் இருக்கக் கூடாது. சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டுவாள். கயிற்றைத் தாண்டினால் தொலைந்தோம். கலக்கி நின்ற பிறகும் நன்றாகக் காற்றாடவிட்டுத்தான் உள்ளே விடுவாள். கொட்டகையின் பக்கவாட்டுத் தார்ப்பாய்கள் எல்லாம் மேலே சுருட்டியிருக்க வேண்டும். யாராவது உள்ளே விழுந்தால் வேறு யாரும் பின்னால் போகக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தைக் கேட்டதும் எல்லோருக்கும் சிரிப்பு வரும். எனக்குக் கோபம் வரும். விழுந்தவனைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு ஒரு சட்டமா? மாடுகளை வெளியேற்றி மறுபடி சேர்ப்பதற்குள் என் கறவை நேரம் தள்ளிப்போகும். மடி கனத்த மாடுகள் என் உயிரை எடுக்கும். அந்த எரிச்சலும் சேர்ந்துகொள்ளும்.

ஒரு கோடையில் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தார். குழியிலிருந்து எவ்வளவு வாயு கிளம்புகிறது, எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று அளக்க வந்தவர். மூன்று கால் வைத்த பெட்டி ஒன்றைக் குழி ஓரத்தில் நிறுத்திவிட்டு நாளெல்லாம் அதன் பக்கத்திலேயே இருப்பார். அளவுக்காரம்மா என்று சொன்னோம். “காத்தை அளக்க ஒரு படிப்பா!” என்று லொடலொடா வாயைப் பிளந்தார். அண்ணி அட்டை மாதிரி அந்த அம்மாவிடம் ஒட்டிக்கொண்டாள். இது ஏன், அது எப்படி என்று துளைத்து எடுத்தாள். அந்த அம்மாவும் நல்ல மனுஷி. அலுத்துக்கொள்ளாமல் சொல்லிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் சாப்பிடும்போதும் குழிப் பேச்சுத்தான். வெயில் ஏற ஏற வாயு கூடுமாம். காற்றுப் படும் பரப்பு எவ்வளவு பெரிதோ, மூக்கைக் கரிக்கும் வாடையும் அவ்வளவு கிளம்புமாம். குழியின் மேல் வைக்கோலும் நாருமாக ஏடு கட்டுகிறதே, அது பால் மேல் படியும் ஏடு மாதிரி குழியை மூடி வைக்குமாம். அதை அனாவசியமாக உடைக்கக் கூடாதாம். குழியைக் காலி செய்யும்போது அடியில் பழசைக் கொஞ்சம் விட்டுவைத்தால், அது பாலுக்கு உறை ஊற்றியது போல வேலை செய்து, புதிதாக விழுவதையும் சீக்கிரம் வாயுவாக்கிவிடுமாம்.

“போதும் அண்ணி, சாப்பாடு இறங்கல” என்பேன்.

“நீ மூக்கப் பொத்திக்கிட்டுச் சாப்பிடு. காத மட்டும் தொறந்து வை” என்பாள்.

கேட்டதோடு விட்டாளா? குழிக்குள் வந்து விழும் குழாயை நீட்டி, ஏட்டுக்குக் கீழே போய்ச் சேரும்படி இறக்கினாள். வரப்பு ஓரத்தில் கிடந்த வைக்கோலை எல்லாம் அள்ளிப் போட்டு ஏட்டைக் கெட்டியாக்கினாள். அடுத்தது என் தலையில் கை வைத்தாள். பால் மெஷினை அமிலம் கலந்த தண்ணீரில் கழுவி, அதை நான் குழி வாய்க்காலில்தான் விட்டுக்கொண்டிருந்தேன். அதில் மூக்கைக் கரிக்கும் வாடை நன்றாகவே குறைந்திருந்தது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட இப்போதெல்லாம் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமை வேறு. அளவுக்காரம்மா கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். அமிலம் ஒரு வாயுவை அடக்கும், இன்னொன்றை அவிழ்த்துவிடும். அவிழ்த்துவிடுவதுதான் ஆளைக் கொல்லும் வாயு, அழுகின முட்டை நாற்றம் அதுதான் என்றார். மறுநாளே அண்ணி மண்வெட்டியோடு வந்து என் கழிவுத் தண்ணீருக்குத் தனி வாய்க்கால் வெட்ட ஆரம்பித்துவிட்டாள். என்னையும் வெட்ட வைத்தாள். நான் முணுமுணுத்துக்கொண்டே வெட்டினேன்.

பெரிய சண்டை அண்ணனோடுதான் வந்தது. அண்ணன் எங்கேயோ விசாரித்து, இடிக்கும் கட்டடங்களின் சுவர்ப் பலகையை அரைத்த வெள்ளைத் தூள் கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடித்திருந்தான். அதைப் பரப்பினால் மாட்டுப் படுக்கை மாவு மாதிரி மெத்தென்று, ஈரமே தங்காமல் இருக்கும். குளம்புப் புண் குறைந்தது. மடி நோய் குறைந்தது. முதலாளியம்மா நாலு பேர் முன்னால் அவனைப் பாராட்டினார். அன்றிலிருந்து அண்ணன் தரையில் நடக்கவில்லை. அந்தத் தூள்தான் வேண்டாம் என்றார் அளவுக்காரம்மா. அதில் கந்தகம் இருக்கிறது, அது தரை இடுக்கு வழியாகக் குழிக்குப் போய், அதே அழுகின முட்டை வாயுவாகத்தான் மாறும், கலக்கும்போது பல மடங்காக வெளியே வரும் என்றார்.

போவதற்கு முன்னால் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஒன்று சொன்னார். “மூக்க மட்டும் நம்பாதீங்க. கொஞ்சமா இருந்தா நாத்தம் வரும். ரொம்ப இருந்தா மூக்கே மரத்துப்போயிடும். நாத்தம் அடிச்சிட்டிருந்து திடீர்னு நின்னுபோச்சுன்னா, சந்தோஷப்படாதீங்க. ஓடுங்க.”

அண்ணன் அதற்கெல்லாம் மசியவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றான்.

“மாடு சுகமா படுத்திருக்கு. அது உனக்குப் பொறுக்கலையா?”

“மாடு சுகமா படுக்கட்டும்ங்க. வைக்கோல் போடுங்க, மரத்தூள் போடுங்க. அந்த வெள்ளைத் தூள் மட்டும் வேணாம்.”

“நேத்து வந்த அம்மா சொன்னா வேதம், கட்டுனவன் சொன்னா கிண்டலா?”

“அந்த அம்மாகிட்ட அளக்கப் பெட்டி இருக்கு. உங்ககிட்ட மூக்குதான் இருக்கு.”

இவள் விடாக்கண்டி, அவன் கொடாக்கண்டன். நடுவில் நான் ஒருத்தி கிடந்து சிரித்தேன். கடைசியில் முதலாளியம்மா வந்து தூளை நிறுத்தச் சொன்னார். அண்ணன் தலையை ஆட்டினான். ஆனால் கொட்டகையின் கடைசியில், குழியை ஒட்டி, நோய் மாடுகளுக்கு ஒரு தனி அடைப்பு உண்டு. அங்கே மட்டும் தூளைப் போட்டுக்கொண்டுதான் இருந்தான். மேலே ஒரு பிடி வைக்கோலைத் தூவிவிடுவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வரும்.

அண்ணி அதோடும் நிற்கவில்லை. முதலாளியம்மாவை விடாமல் கேட்டு, வாயு கூடினால் கத்துகிற ஒரு சின்னக் கருவியை வாங்க வைத்துச் சட்டையில் மாட்டிக்கொண்டாள். தீயணைப்பு நிலையத்துக்கு நடையாய் நடந்து, அவர்களை ஒருநாள் பண்ணைக்கே கூட்டிவந்து, எந்த வாசல் எங்கே, எந்தத் தூண் எங்கே என்று சுற்றிக் காட்டினாள். “தீயே இல்லாத இடத்துக்குத் தீயணைப்பு வண்டி! அடுத்தது மாட்டுக்கு ஹெல்மெட்டா?” என்றார் லொடலொடா. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அண்ணி வந்தவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பினாள்.

இப்படியே சில வருஷம் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததுதான் வினை. மழை பெய்யாத ஊரில் குடை பிடித்து நடப்பவளைப் பார்க்கிற மாதிரி எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நானும்தான்.

அந்த வருஷம் மழை முன்கூட்டியே வரப்போகிறது என்று சொல்லிவிட்டார்கள். குழி விளிம்பு வரை நிறைந்திருந்தது. கலக்கி எடுக்க வேண்டிய நாளில் புழுக்கமென்றால் புழுக்கம், ஒரு இலைகூட அசையவில்லை.

“காத்து வரட்டும்மா. ஒரு நாள் தள்ளிப் போடலாம்” என்றாள் அண்ணி.

முதலாளியம்மா வானத்தைக் காட்டினார். “ராத்திரியே கொட்டிடும் போல இருக்கு. குழி வழிஞ்சா நேரா ஓடைக்குத்தான் போகும். அந்தத் தண்ணியத்தான் கீழ இருக்கிறவங்க எல்லாம் புழங்கறாங்க. நீயே சொல்லு, என்ன செய்யறது?”

அண்ணி குழி விளிம்பு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு, “சரி. ஆனா நான் சொல்றபடி” என்றாள். மாடுகளைத் தூரத்து முற்றத்துக்கு ஓட்டச் சொன்னாள். தார்ப்பாய்களைச் சுருட்டச் சொன்னாள். கயிறு கட்டினாள். குழியை ஒட்டிய டிராக்டரில் தானே ஏறி உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் திறந்த வெளி; வாயு தேங்காது.

“எல்லா மாடும் வெளிய போயாச்சா?” என்று அண்ணனிடம் கேட்டாள்.

“ஆச்சு, ஆச்சு” என்றான் அண்ணன்.

ஆகவில்லை. வெள்ளைக்காலி என்று ஒரு பசு. குளம்பில் புண் வந்து, நிற்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் நாட்கணக்கில் தவித்துக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான் கடைசி அடைப்பில், அந்த வெள்ளைத் தூள் படுக்கையில், ஒருவழியாகப் படுத்துக் கண்ணை மூடியிருந்தது. அண்ணனுக்கு அதை எழுப்ப மனசு வரவில்லை. அண்ணிக்குத் தெரிந்தால் விடமாட்டாள் என்று, அந்த அடைப்பின் தார்ப்பாயை மட்டும் சுருட்டாமல் இறக்கிவிட்டு வந்துவிட்டான். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே மாடு இருப்பது தெரியாது. காற்றும் போகாது. இரக்கப்பட்டுத்தான் செய்தான். அவன் எதைச் செய்தாலும் இரக்கப்பட்டுத்தான் செய்வான்; அதுதான் அவனிடம் எனக்குப் பிடித்ததும், பிடிக்காததும்.

கலக்கி சுழல ஆரம்பித்தது. கெட்டியான ஏடு நடுவில் பிளந்து, துண்டு துண்டாக முழுகியது. கீழிருந்து குமிழ்கள் குபுகுபுவென்று வந்தன. நானும் அண்ணனும் கொட்டகையின் முன்வாசலில், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தோம். அவ்வளவு தூரத்திலேயே அழுகின முட்டை நாற்றம் லேசாக வந்து மூக்கைத் தொட்டது.

அப்போது உள்ளேயிருந்து வெள்ளைக்காலி கத்தியது. ஒரே ஒரு தடவை. பிறகு கம்பியில் குளம்பு மோதும் சத்தம்.

அண்ணன் முகம் வெளுத்தது. “அண்ணா, உள்ள மாடு இருக்கா?” என்றேன். அவன் கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போய்விட்டான். “அண்ணா, வேணாம்! அண்ணி திட்டுவாங்க!” என்றுதான் கத்தினேன். திட்டுவார்கள் என்றுதான் அந்த நிமிஷம்கூட என் வாயில் வந்தது. பாதிக் கொட்டகை போனவன் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினான்.

“நாத்தமே இல்ல! எதுக்கு இப்படிப் பயப்படறீங்க?”

வெளியே நிற்கிற என் மூக்கில் நாற்றம் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே நிற்கிற அவன் நாற்றமே இல்லை என்கிறான். அளவுக்காரம்மா சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. “ஓடி வா!” என்று நான் கத்துவதற்குள் அவன் கடைசி அடைப்புக்குப் போய், தாழ்ப்பாளில் கை வைத்தான். பிறகு உட்கார்ந்தான். களைத்துப்போய் உட்காருகிறவன் மாதிரித்தான் இருந்தது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டான்.

நான் கயிற்றைத் தாண்டி ஓடினேன். என் அண்ணன். என்னைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன். வேறு எதுவும் என் மண்டையில் இல்லை.

வாசலைத் தாண்டவில்லை. பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்பைச் சுற்றி விழுந்தது. டிராக்டர் சத்தம் நின்றிருந்தது. என் கூச்சல் கேட்டு, அதை அணைத்துவிட்டுக் குதித்து ஓடி வந்திருக்கிறாள் அண்ணி. என்னை இழுத்துக்கொண்டே பின்னால் போனாள். அவள் சட்டையில் மாட்டியிருந்த கருவி வீல் வீலென்று கத்தியது.

“விடுங்க! அண்ணன் விழுந்துட்டான்! விடுங்க!”

“தெரியும். பாத்தேன்.”

“பாத்தீங்களா? பாத்துட்டு நிக்கிறீங்களா? நீங்க மனுஷிதானா?”

கடித்தேன். அவள் முன்கையில் என் பல் பதிந்து ரத்தம் வந்தது. உதைத்தேன். கொலைகாரி என்றேன். கட்டினவனைச் சாகவிடுகிறாயே என்றேன். ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது. அவள் பிடி தளரவே இல்லை. என்னை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டே, மறு கையை நீட்டி ஆளாளுக்கு ஒன்று சொன்னாள். குரல் ஒரு தடவைகூட நடுங்கவில்லை.

“அம்மா, தீயணைப்புக்குப் போன் போடுங்க. குழி வாயு, ஒரு ஆள் உள்ளன்னு சொல்லுங்க. அது போதும், அவங்களுக்குத் தெரியும்.” அடுத்து லொடலொடாவிடம், “வெளியில சுத்திப் போங்க. கடைசி அடைப்புத் தார்ப்பாயக் கத்தியால கிழிங்க. மேலேர்ந்து கீழ வரைக்கும். மூச்ச அடக்கிட்டுக் கிழிங்க, கிழிச்சதும் தள்ளி வந்துடுங்க. உள்ள தலைய நீட்டக் கூடாது.”

லொடலொடா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பார்த்தவரை அவர் பேசாமல் ஓடியது அன்றுதான்.

பிறகு என்னைத் தன் பக்கம் திருப்பினாள். “வைக்கோல் ஊதற மெஷின் உனக்கு ஓட்டத் தெரியும்ல? அத வாசல்ல கொண்டாந்து நிறுத்து. வைக்கோல் இல்லாம, வெறும் காத்தா ஊது. முழு வேகத்துல. உங்க அண்ணனுக்கு இப்ப வேண்டியது காத்து. நீ இல்ல.”

ஓடினேன். படுக்கைக்கு வைக்கோலைத் தூரமாக வீசி அடிக்கிற மெஷின் அது. வாசலில் நிறுத்தி முழு வேகத்தில் விட்டேன். கிழிந்த தார்ப்பாய் அந்தப் பக்கம் படபடவென்று வெளியே பறந்தது. வாசலிலிருந்து புகுந்த காற்று கொட்டகையை அலசிக்கொண்டு கடைசி வழியாக வெளியே போயிற்று. அண்ணன் அசையவில்லை. நான் அவன் காலையே பார்த்துக்கொண்டு ஊதினேன். அண்ணி கயிற்றடியில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு வாழ்நாள்.

தீயணைப்பு வண்டி வந்தது. முதுகில் காற்று உருளை மாட்டிய இரண்டு பேர் இறங்கினார்கள். “கடைசித் தூண், இடது பக்கம், தாழ்ப்பாள் ஓரமா” என்றாள் அண்ணி. அவர்களுக்கு இடம் தெரியும். தேடவில்லை, நேராகப் போனார்கள். அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருந்தது. வெள்ளைக்காலிக்கு இல்லை.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். அண்ணியும் நானும் சாணி அப்பிய கம்பூட்சோடு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து போனார்கள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அவள் சொன்னது சரி என்று தெரிகிறது. ஆனாலும், எப்படி முடிந்தது இவளால் என்றுதான் மனசு கொதித்தது.

டாக்டர் வந்து, பிழைத்துவிட்டார் என்றார். நுரையீரல் தேற நாளாகும், ஞாபகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் பிழைத்துவிட்டார். காற்றோட்டம் கொடுத்ததுதான் காப்பாற்றியது என்றார். பின்னாலேயே யாராவது உள்ளே போயிருந்தால், இன்றைக்கு இன்னொரு கட்டிலும் நிரம்பியிருக்கும், இல்லையென்றால் அந்த ஆள் கட்டிலுக்கே வந்திருக்கமாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம்தான் அண்ணி சட்டையிலிருந்த கருவியைக் கழற்றி அணைத்தாள். அணைத்ததையே மறுபடி மறுபடி அணைத்துக்கொண்டிருந்தாள். நான் பயந்துபோய் அவள் கையைப் பிடித்தேன். நான் கடித்த இடம் வீங்கியிருந்தது.

“உன்ன நான் புடிச்சு நிறுத்துனேன்னு நெனைக்கிற” என்றாள். “என் காலு உள்ள போகத்தான் துடிச்சுது. அப்பா இறங்கும்போது எப்படி இருந்திருக்கும்னு அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. உன்னப் புடிச்சுக்கிட்டதாலதான் நான் நின்னேன். நீ இல்லன்னா போயிருப்பேன்.”

நான் அவள் மடியில் விழுந்து அழுதேன். கொலைகாரி என்று சொன்ன வாய்தானே இது என்று அவள் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் வீட்டுக்கு வந்தான். மாடிப்படி ஏறினால் இளைக்கிறது. டீயில் சர்க்கரை போட்டதை மறந்து மறுபடி போடுகிறான். வெள்ளைத் தூள் போய்விட்டது. கடைசி அடைப்பையே முதலாளியம்மா இடித்துவிட்டு, நோய் மாடுகளுக்குத் தள்ளி ஒரு கொட்டகை கட்டிக்கொடுத்தார். கலக்குவதற்கு வெளியிலிருந்து ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று அண்ணியிடம் கேட்டுப்பார்த்தார். “குழிய எனக்குத் தெரியும்மா. நானே கலக்கறேன்” என்றாள் அண்ணி. அண்ணன் அன்று அவளோடு பேசவில்லை. நானும் கெஞ்சிப்பார்த்தேன். அவளிடம் நடக்குமா?

அடுத்த பருவம் வந்தது. நல்ல காற்றடிக்கிற நாளாகப் பார்த்துத்தான் குறித்திருந்தாள். கொட்டகை காலி. கடைசி மூலை வரை தானே நடந்து பார்த்துவிட்டு வந்தாள். எங்களைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நிற்கச் சொன்னாள். அண்ணன் காற்று வரும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வேண்டாம் என்றாலும் கேட்காமல் வந்திருந்தான். டிராக்டரில் ஏறப்போனவள் திரும்பி எங்கள் முன்னால் வந்து நின்றாள்.

“நான் விழுந்துட்டேன்னு வெச்சுக்கோங்க. என்ன செய்வீங்க?”

எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தோம்.

“ஒவ்வொருத்தரா சொல்லுங்க. சொன்னாத்தான் ஏறுவேன்.”

“தீயணைப்புக்குப் போன் போடுவேன். உள்ள வரமாட்டேன்” என்றார் முதலாளியம்மா.

“நான் வண்டிய நகத்தி, வழி விடுவேன். வரமாட்டேம்மா” என்றார் லொடலொடா. வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.

என் முறை. “ஊதற மெஷின் கொண்டாருவேன் அண்ணி.”

“அப்புறம்?”

“வரமாட்டேன்.”

“கேக்கல.”

“உள்ள வரமாட்டேன் அண்ணி!” என்று கத்தினேன். ஊருக்கே கேட்டிருக்கும்.

அவள் தலையை ஆட்டிவிட்டு அண்ணன் முன்னால் போய் நின்றாள். அவன் தரையைப் பார்த்தபடி இருந்தான். அவளும் நகரவில்லை. டேங்கர், வயல், மழை எல்லாம் காத்துக்கொண்டிருந்தன.

“நீங்க சொல்லுங்க” என்றாள்.

“என்னால சொல்ல முடியாதுடி.”

“அப்ப நான் ஏறமாட்டேன்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. அவனுக்கு அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

“வரமாட்டேன்” என்றான். “நீ விழுந்தா நான் வரமாட்டேன்.”

அண்ணி டிராக்டரில் ஏறிச் சாவியைத் திருகினாள். கலக்கி சுழன்றது. குழி முழுவதும் காலியாகும் வரை அண்ணன் நாற்காலியின் கைப்பிடிகளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.